ஐந்தாவது வாளி

அத்தியாயம் 4

"மூணு மணிக்குள்ள முடிவை ரெய்க்யாவிக்ல நீச்சல் சங்கத்துக்கு அனுப்பணும். இப்ப ரெண்டரை. நீ என்னடான்னா இன்னும் வெந்நீர்ல ஊறிக்கிட்டிருக்க" என்றாள் போட்டியை நடத்தும் ஸ்டெய்னுன்.

ஹெர்தீஸ் கண்ணைத் திறக்கவில்லை. குளத்தோரத் திறந்தவெளித் தொட்டிக்குள் கழுத்துவரை இருந்தாள். தலையில் கம்பளித் தொப்பி, தொப்பியின் மேல் மூன்று விரல் உயரத்துக்குப் பனி. எங்கள் துப்பறியும் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எது என்று யாராவது கேட்டால் நான் இந்தத் தொட்டியைத்தான் காட்டுவேன். கிளை அலுவலகம் என்னுடைய பழைய வேன். மொத்த ஊழியர்கள் இரண்டு பேர். அவள் யோசிப்பாள், நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"என்னையே ஏன் கேக்குற?" என்றாள் ஹெர்தீஸ்.

"இந்த ஊர்ல அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் சொந்தமில்லாத ஒரே ஆளு நீதான். நீ வந்து பதினோரு வருஷம்தான் ஆகுது."

"என் உதவியாளன் சொந்தக்காரனாச்சே."

"உதவியாளனை மாத்திக்கோ."

"மாத்தணும்னா மலையைத் தாண்டித்தான் ஆள் வரணும். மலை மூடியிருக்கு" என்று சொல்லிவிட்டு ஹெர்தீஸ் எழுந்தாள். நான் துண்டை நீட்டினேன். புயல் அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

நடந்தது இவ்வளவுதான். பெண்கள் இருநூறு மீட்டர் மார்பு நீச்சல். ஸ்கார்ப்விக்கில் குளத்துக்குக் கூரை கிடையாது. மைனஸ் ஒன்பதில் சூடான தண்ணீர் விடுகிற ஆவிக்குள் பாதிக் குளம் மறைந்துவிடும். அதிலும் போட்டி நடத்துவோம், ஏனென்றால் எங்கள் தாத்தாக்கள் நடத்தினார்கள், அவர்களுக்கும் புத்தி கிடையாது. ஐந்தாம் தடத்தில் வந்த ஸால்கா முதலில் சுவரைத் தொட்டாள். இரண்டாம் தடத்தில் வந்த பிர்னா அரைக் கை தூரம் பின்னால். கைதட்டல் அடங்குவதற்குள் ஆவிக்குள்ளிருந்து ஸ்வெர்ரிர் நடந்து வந்து ஒரு சீட்டை நீட்டினான். எதிர்க்கோடிச் சுவரில் திருப்பங்களைக் கவனிக்கும் நடுவர் அவன். சீட்டில் பென்சிலால் எழுதியிருந்தது: தடம் ஐந்து. கடைசித் திருப்பம். டால்பின் உதை இரண்டு.

மார்பு நீச்சலில் காலைத் தவளை மாதிரி விரித்துத்தான் அடிக்க வேண்டும். சுவரில் திரும்பி நீருக்கடியில் போகும்போது மட்டும் இரண்டு காலையும் சேர்த்து டால்பின் வால் போல ஒரே ஒரு உதை உதைக்கலாம். ஒன்று சட்டம், இரண்டு திருட்டு. ஸால்காவின் பெயரை அடித்துவிட்டார்கள். கிழக்குப் பகுதியிலிருந்து ஏப்ரலில் நார்வேயின் பெர்கன் போட்டிக்குப் போக இருக்கும் ஒரே இடம் பிர்னாவுக்குப் போனது.

பிர்னா என் மகள். ஸ்வெர்ரிர் என் மனைவியின் அண்ணன். இதற்குமேல் ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கமாக இப்படி ஒரு ஊர்ப் பேச்சுக்கு மருந்து உண்டு. எல்லோரும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள், திங்கட்கிழமை பாதி கோபம் தீர்ந்திருக்கும். இன்று அதற்கும் வழியில்லை. மலைப்பாதை மூடல், கடற்கரைப் பாதை மூடல், பந்தயம் முடிந்தபின் இரண்டு செய்தியையும் சொன்னவன் நான்தான்; ஊருக்குள் இருக்கும் தெருவிலேயே கார் நின்ற இடம் தெரியவில்லை. அறுபது பேர் ஒரு சிற்றுண்டிக் கூடத்திலும் இரண்டு உடை மாற்றும் அறையிலும் ஈரக் காலுறையோடு மாட்டிக்கொண்டிருந்தோம். அந்த அறுபது பேரில் ஸ்வெர்ரிரும் ஒருவன்.

உடை மாற்றிக்கொண்டு வந்த ஹெர்தீஸோடு கூடத்தைக் கடந்தபோது ஸ்டெய்னுன் என்னைப் பிடித்தாள். "ஓர்வர், நீ எப்பவும் பிர்னாவைப் படம் எடுப்பியே. இன்னைக்கும் எடுத்திருப்பியே?"

"குளிர்ல போன் செத்துப்போச்சு."

"நல்ல நேரம் பாத்துச் செத்திருக்கு" என்றாள் ஹெர்தீஸ். அதோடு விட்டுவிட்டாள்.

ஸ்வெர்ரிரை முதலுதவி அறையில் உட்காரவைத்திருந்தார்கள். அடிபட்டதற்காக அல்ல, படாமல் இருப்பதற்காக. மீன் பதனிடும் ஆலையில் அவன் தரம் பார்க்கிறவன். ஒரு துண்டில் ஒரு புழு இருந்தால் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்புவான். என் கல்யாணத்தன்று விருந்தில் வைத்த மீனையும் திருப்பி அனுப்பினான். அன்றிலிருந்து எனக்கு அவன்மேல் பயம் கலந்த மரியாதை.

"என்ன பாத்த?" என்றாள் ஹெர்தீஸ்.

"உதை. ஒண்ணு, ரெண்டு. ரெண்டாவது சின்னதா இருந்துச்சு. ஆனா இருந்துச்சு."

"யார் உதைச்சா?"

"தடம் அஞ்சு."

"யாருன்னு கேட்டேன்."

"தடம் அஞ்சுன்னு சொன்னேன்."

நான் குறுக்கே விழுந்தேன். "இவன்கிட்ட பேரைக் கேட்டாக்கூட சட்டை அளவைத்தான் சொல்லுவான், ஹெர்தீஸ்."

ஸ்வெர்ரிர் என்னைப் பார்க்கவில்லை. "நான் பேர்ப் பட்டியலே வாங்கறதில்ல. பேர் தெரிஞ்சா கண்ணு வளையும். தங்கச்சி பொண்ணு நீந்துறா. அவ எந்தத் தடத்துல இருக்கான்னு எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் பட்டியலைத் தொடவே இல்ல. மூஞ்சியையும் பாக்க மாட்டேன். காலைப் பாப்பேன், நம்பரைப் பாப்பேன்."

"ஆவில காலு தெரிஞ்சுதா?"

"காத்து என் முதுகுப் பக்கத்துலேருந்து அடிச்சுது. ஆவி பூரா உங்க பக்கம் போயிடுச்சு. என் பக்கம் தண்ணிக்கடியில ஊசி கெடந்தாலும் தெரிஞ்சிருக்கும். இவனைக் கேளு. இவன் என் பக்கத்து மூலையிலதான் நின்னான்."

ஹெர்தீஸ் என் பக்கம் திரும்பினாள்.

"நான் பிர்னாவை மட்டும்தான் பாத்தேன்" என்றேன். அது உண்மை. உண்மையைச் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"சரி. தடத்தை எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று அவள் மறுபடி அவனிடம் கேட்டாள். "அந்தக் கோடியில நம்பர் பலகையெல்லாம் ஐஸுக்குள்ள இருக்கே."

"வாளி."

குளிர்காலத்தில் ஒவ்வொரு தடத்தின் முனையிலும் ஒரு மணல் வாளி நிற்கும். வழுக்காமல் இருக்க தரையில் தூவும் மணல். வாளியின் இரண்டு பக்கமும் அதன் தடத்தின் எண், ஒன்று முதல் ஆறுவரை, வெள்ளைப் பெயிண்டில். பலகை தெரியாத நாட்களில் வாளிதான் பலகை, பல வருடப் பழக்கம்.

"அங்க நடுவரா நீ ஒருத்தன்தான் நின்னியா?"

"ஒருத்தன்தான். இன்னொருத்தி மலைல மாட்டிக்கிட்டா. நான் எப்பவும் புறப்படற பக்கம்தான் நிப்பேன். இன்னைக்கி ஆளில்லாததால அங்க போட்டாங்க."

ஹெர்தீஸ் அவனுடைய சட்டைப்பையைக் காட்டினாள். அதில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் இருந்தது. "அது என்ன?"

"சரிபார்ப்புத் தாள். ஒவ்வொரு தடமும் ஒவ்வொரு தடவை வந்து சுவரைத் தொட்டுத் திரும்பும்போது ஒரு டிக் போடுவேன். ரெண்டு கையும் ஒண்ணாத் தொட்டாங்களான்னு பாக்கணும்ல. யாரும் கேக்கறதில்ல. ஆலைப் பழக்கம்."

"கடன் குடு" என்று அதை வாங்கித் தன் கம்பளிச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஹெர்தீஸ் கேட்டாள். "யோசிச்சுச் சொல்லு. உன் மச்சான் பொய் சொல்லுவானா?"

"அவன் பொண்டாட்டி புது முடி வெட்டிக்கிட்டு வந்து எப்படியிருக்குன்னு கேட்டப்பவே பொய் சொல்லத் தெரியாம மூணு வாரம் சோபால படுத்தவன்."

"பின்ன ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"மூஞ்சி பிறவியிலேயே இப்படித்தான்."

சிரிக்கவில்லை அவள். இரண்டு மணி முப்பத்தெட்டு.

குளக் காவலாளி டோடி கொதிகலன் அறையில் உலர்மீனில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஊரில் இன்று சூடாகவும் அமைதியாகவும் இருந்த ஒரே மனிதன். அறையில் ஜன்னல் இல்லை. நாங்கள் மூன்று பேர் நின்றதும் நிரம்பிவிட்டது.

"வாளிங்க எங்க டோடி?" என்றாள் ஹெர்தீஸ்.

"வாசப் படில. எவனோ வழுக்கி விழுந்தான்னு ஸ்டெய்னுன் கத்தினா, பந்தயம் முடிஞ்சதும் அள்ளிக்கிட்டுப் போய்க் கொட்டிட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி குளத்துக் கோடியில. பொண்ணுங்க பந்தயத்துக்கு முன்னால தரையில ஐஸ் கட்டுச்சு. ஆறையும் சறுக்குவண்டியில ஏத்தி மணல் தூவிட்டு, திரும்பக் கொண்டு வந்து வரிசையா வச்சேன்."

"சரியா வச்சியா?"

டோடிக்குக் கோபம் வந்துவிட்டது. "இருபத்திரண்டு வருஷமா வைக்கிறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. எண்ணத் தெரியாதா எனக்கு?"

"எந்தக் கதவு வழியாப் போன?"

"எப்பவும் குளியலறைப் பக்கத்துக் கதவுதான். இன்னைக்கி அந்தக் கதவு முன்னால என் உயரத்துக்குப் பனி. இந்த வழியாத்தான் போனேன்." முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்புக் கதவைத் தட்டிக் காட்டினான்.

ஹெர்தீஸ் அவன் தட்டிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் அனுமதி கேட்காமல் தின்றால் வழக்கு முடியப்போகிறது என்று அர்த்தம்.

சிற்றுண்டிக் கூடத்தின் மூலையில் ஐஸ்கிரீம் பெட்டி இருந்தது. புயல் நாளில் அதன் பக்கம் யாரும் வரமாட்டார்கள். அதன் கண்ணாடி மூடிமேல் ஸ்வெர்ரிரின் தாளை விரித்தாள் ஹெர்தீஸ். ஆறு கட்டம். ஒன்றைத் தவிர ஒவ்வொரு கட்டத்திலும் நேர்த்தியான நான்கு டிக். எதிர்க்கோடிச் சுவருக்கு நான்கு முறைதான் வருவார்கள், கணக்குச் சரி.

"என்ன தெரியுது?" என்றாள்.

"இவனுக்குக் கல்யாணம் ஆனதே அதிசயம்னு தெரியுது."

"ஒழுங்காப் பாரு. எந்தக் கட்டம் காலி?"

"ஒண்ணாம் தடம்."

"ஆறாம் தடத்துல எத்தனை டிக்?"

"நாலு."

"இன்னைக்கி ஆறாம் தடத்துல யார் நீந்துனது?"

ஆறாம் தடத்துப் பெண் அடுத்த ஊர்க்காரி. அவள் அப்போது மலைமேல் வேனுக்குள் உட்கார்ந்து, தன் பயிற்சியாளரின் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தாள். ஆறாம் தடம் காலி. ஒன்றாம் தடத்தில் ஒரு பெண் முழு இருநூறு மீட்டரும் நீந்தினாள், அவளுக்குக் கடைசி இடம்.

"பேய் நீந்தியிருக்கு" என்றேன்.

"பேய் இல்ல, பனி. டோடி எப்பவும் ஒண்ணாம் தடத்துப் பக்கக் கதவு வழியா வந்து ஒண்ணுலேருந்து ஆரம்பிப்பான். இன்னைக்கி ஆறாம் தடத்துப் பக்கக் கதவு வழியா வந்தான், அப்பவும் ஒண்ணுலேருந்துதான் ஆரம்பிச்சான். வரிசை தலைகீழ். ஆவில இந்தப் பக்கம் இருந்தவங்க யாருக்கும் அது தெரியல."

"அங்க நின்னவனுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

"தெரிஞ்சிருக்கும், அவன் அங்கயே நிக்கற ஆளா இருந்தா. புறப்படற பக்கம் நின்னா ஒண்ணாம் தடம் வலது கைப் பக்கம். எதிர்க்கோடியில நின்னா இடது கைப் பக்கம் இருக்கணும். ஸ்வெர்ரிர் எப்பவும் புறப்படற பக்கம் நிக்கறவன். அங்க போய் நின்னான், ஒண்ணு வலது பக்கம் இருந்துச்சு. வழக்கம்போலத்தான் இருக்குன்னு நிம்மதியா வேலையைப் பாத்தான். பட்டியல் கையில இருந்திருந்தா ஆறு காலின்னு தெரிஞ்சிருக்கும். நியாயமா இருக்கணும்னு பட்டியலையும் வாங்கல."

நியாயமாக இருக்க ஒரு மனிதன் செய்த காரியம் அவனை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது பாருங்கள். எனக்கு அந்த நொடி ஸ்வெர்ரிரின் காலில் விழ வேண்டும் போலிருந்தது. அது ஏன் என்று ஹெர்தீஸுக்கு நான் சொல்லவில்லை.

அவள் தாளில் ஐந்தாம் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். அந்த விரலை மெதுவாக நகர்த்தி இரண்டாம் கட்டத்தில் நிறுத்தினாள்: பிர்னாவின் தடம். எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம், நான் கண்ணாடிக்குக் கீழே இருந்த ஐஸ்கிரீமைப் பார்த்தேன்.

ஸ்டெய்னுன் தாளைப் பார்த்தாள், டோடியைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டாள், நாற்காலிமேல் ஏறினாள். கூடம் அடங்கியது.

"தடம் அஞ்சுங்கறது தப்பு. வாளிங்க தலைகீழா இருந்திருக்கு. ஸால்காவோட முதலிடம் செல்லும்."

கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. ஸால்காவின் அம்மா அழுதாள். ஒருத்தி மட்டும் கேட்டாள்: "அப்ப உதைச்சது யாரு?"

"தெரியல. ஸ்வெர்ரிர் வாளியைத்தான் பாத்தான், ஆளைப் பாக்கல. வாளி எப்படி இருந்துச்சுன்னு கண்ணால பாத்த ரெண்டாவது சாட்சி இல்ல. சந்தேகம் இருந்தா அது நீந்துறவங்க பக்கம். பிர்னாவோட ரெண்டாமிடமும் செல்லும்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். மூச்சுகூட விட்டேன். பெர்கன் போனால் போகட்டும், பெயர் தப்பித்தது. ஆனால் கூட்டத்தின் நாக்கு சும்மா இருக்குமா?

"யாரும் உதைக்கவே இல்ல!" என்றான் ஒருவன் பின்னாலிருந்து. "மருமகளை ஜெயிக்க வைக்க இவனே உதையைக் கட்டி விட்டிருக்கான். மாட்டிக்கிட்டதும் பழியத் தூக்கி வாளி மேல போடறான்!"

"புழு பாக்கறவன் தானே புழுவாயிட்டான்" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள்.

முதலுதவி அறை வாசலில் ஸ்வெர்ரிர் நின்றுகொண்டிருந்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, நெஞ்சிலிருந்த நடுவர் அட்டையைக் கழற்றி ஸ்டெய்னுன் முன்னால் மேசையில் வைத்தான். "நான் பாத்தது பாத்ததுதான்" என்றான். பிறகு காப்பி ஃபிளாஸ்க் இருந்த மேசைக்குப் போய்க் கோப்பையை எடுத்தான். அங்கே நின்றவள் ஃபிளாஸ்க்கைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். எங்கள் ஊரில் ஒருவனுக்குக் காப்பி இல்லை என்று சொல்வதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெளியே போகலாம் என்றால் புயல். உள்ளே இருக்கலாம் என்றால் இந்தக் கூட்டம். காலிக் கோப்பையோடு சுவரோரமாகப் போய் நின்றான்.

ஹெர்தீஸ் என் கையைப் பிடித்துச் செருப்பு வைக்கும் நடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பக்கமும் நூற்றிருபது ஈரச் செருப்புகள், நடுவில் ஒருவர் நிற்கும் இடம்.

"போனைக் குடு" என்றாள்.

"செத்துப்போச்சுன்னு சொன்னேனே."

"மலைப்பாதை மூடலுன்னு நீதான் ஸ்டெய்னுன்கிட்ட சொன்ன. கடற்கரைப் பாதையும் மூடிட்டாங்கன்னு பத்து நிமிஷம் கழிச்சு நீயேதான் கூடத்துல கத்திச் சொன்ன. செத்த போன்ல சாலை நிலவரம் வருமா?"

நான் செருப்புகளை எண்ண ஆரம்பித்தேன்.

"அது ரெண்டாவது. முதலாவது வேற" என்றாள். "ஆறு வருஷமா உன் பொண்ணு எங்க நீந்தினாலும் அந்தப் படத்தை எனக்குக் காட்டியிருக்க. தொட்டிக்குள்ள கண்ண மூடி உக்காந்திருந்தாலும் விடமாட்ட. இன்னைக்கி அவ வாழ்க்கையிலேயே பெரிய பந்தயம். ஜெயிச்சிட்டான்னும் சொல்லிட்டாங்க. நீ துண்டைப் பிடிச்சுக்கிட்டு வந்து ஊமையாட்டம் நின்ன. நான் தொட்டியிலேருந்து எழுந்திரிச்சதே அதனாலதான், ஓர்வர். ஸால்காவுக்காக இல்ல."

இதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன். மூலையில் நின்று படம் எடுத்தேன். கடைசித் திருப்பத்தில் பிர்னாவின் கால்கள் கண்ணாடி மாதிரித் தண்ணீருக்குள் தெரிந்தன. ஒன்று. பிறகு, சின்னதாக, இன்னொன்று. ஸ்வெர்ரிர் அதே இடத்தில் குனிந்து பென்சிலை எடுத்ததையும் பார்த்தேன். போச்சு என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து ஸ்டெய்னுன் ஐந்தாம் தடம் என்று படித்தாள்.

"அவன் மாத்திட்டான்னு நினைச்சேன்" என்றேன். "எங்களுக்காக. தங்கச்சி பொண்ணுக்காக. அந்தக் கல்லு மனுஷன் வாழ்க்கையில ஒரே ஒரு தடவ வளைஞ்சு குடுத்திருக்கான், அதை நான் எப்படி வெளிய சொல்லுவேன்? சொன்னா அவனும் போவான், பிள்ளையும் போவா. வாளி கதையக் கேட்டப்பதான் அவன் வளையவே இல்லன்னு தெரிஞ்சுது."

"படத்துல வாளி தெரியுதா?"

"பிர்னா திரும்புற இடத்துக்கு நேர் மேல. அஞ்சுன்னு போட்டிருக்கு."

ஹெர்தீஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒம்போது நிமிஷம் இருக்கு. உன்கிட்டேருந்து நான் பிடுங்க மாட்டேன். பிடுங்கினா அது என் சாட்சி, நீ குடுத்தா உன் சாட்சி. ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இங்கேருந்து சுத்தமா வெளிய போக முடியும். ஒருத்தர் தப்புப் பண்ணல. இன்னொருத்தர் பண்ணாங்க." தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு தொட்டியை நோக்கி நடந்தாள்.

அவளை அப்போது வெறுத்தேன். ஓடிப்போக ஒரு தெரு இருந்திருந்தால் ஓடியிருப்பேன். படத்தை அழிக்கும் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தும் பார்த்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நடைக் கதவின் கண்ணாடி வழியாகக் கூடம் தெரிந்தது. ஸ்வெர்ரிர் இன்னும் அந்தக் காலிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தான். எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலிருந்தது.

மூன்று அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது ஸ்டெய்னுன் மேசையில் போனை வைத்தேன்.

அவள் மூன்று முறை பார்த்தாள். வாளி, எண், கால்கள். மூன்றாம் முறை ஸ்வெர்ரிரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். திருப்பம் வந்தது, உதை வந்தது, உதட்டுக்குள் எண்ணினான். பிறகு படம் தொடர்ந்து ஓடி, அந்தப் பெண் மூச்சுக்காகத் தலையைத் தூக்கியபோது அவன் முகம் மாறியது.

"இது பிர்னாவா?" என்றான்.

அதுவரை அவனுக்குத் தெரியவே தெரியாது.

"ஆமா" என்றேன்.

அவன் அட்டையைத் திரும்பக் குத்திக்கொள்ள வெகுநேரம் பிடித்தது, ஊக்கு துணியில் ஏறவில்லை. "பட்டியல் பாக்காதது நல்லதாப் போச்சு" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். "பாத்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல, ஓர்வர்."

முடிவு ரெய்க்யாவிக்குக்குப் போனது. ஸால்கா முதலிடம். பிர்னா தகுதி நீக்கம். ஸ்டெய்னுன் மறுபடி நாற்காலிமேல் ஏறிச் சொன்னாள், இம்முறை யாரும் கூச்சலிடவில்லை. ஃபிளாஸ்க்கை நகர்த்தியவள்தான் முதலில் எழுந்து போய் ஸ்வெர்ரிரின் கோப்பையை நிரப்பினாள். அவன் நன்றி சொல்லிவிட்டு, காப்பி ஆறிப்போயிருக்கிறது என்றும் சொன்னான்.

பிர்னா பெண்கள் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலை, தோளில் என் பழைய கம்பளிச் சட்டை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் நான் கரையேறினதும் போனைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவப்பா" என்றாள். "இன்னைக்கி வரல. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுது?"

"நீ பாத்துட்டன்னு."

"அப்ப நீயே சொல்லியிருக்கலாமேம்மா. ஸால்கா உள்ள அழுதுக்கிட்டிருந்தாளே."

"சொல்லத்தான் வந்தேன். நீ ஸ்டெய்னுன்கிட்ட போன் செத்துப்போச்சுன்னு சொன்னது கதவு வரைக்கும் கேட்டுச்சு." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். "சொல்லாதன்னு நீ சொல்றன்னு நினைச்சேன். திரும்பிப் போயிட்டேன்."

கூடத்துக்குள் யாரோ, காலை எட்டு மணிக்கு முன்னால் எந்தச் சாலையும் திறக்காது என்று கத்தினார்கள். ஸால்கா தூரத்து ஜன்னலோரம் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அவள் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிர்னா எழுந்தாள். "அவகிட்ட போறேன். நீயும் வா."

"நான் எதுக்கும்மா?"

"நீயும்தானே சும்மா இருந்த."

ஜன்னலுக்கும் எங்களுக்கும் நடுவில் அறுபது பேர் இருந்தார்கள். எழுந்து அவள் பின்னால் நடந்தேன்.